சீதபேதிக் கோப்பை விற்கும் அருங்காட்சியகத்தாருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். இதற்கு முன் இரண்டு முறை ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு முறையும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று கணினிதான் பதில் போட்டது. அதனால் இந்த முறை என் தாய்மொழியில் எழுதுகிறேன். நீங்கள் படிக்காவிட்டாலும், கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாகப் போகும் தமிழ்ப் பெற்றோர் நாலு பேராவது படிப்பார்கள். உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஜூலையில் வந்திருந்தோம். நுழைவாயிலில் என் மகளுக்கு ஓர் அட்டை கொடுத்தீர்கள். ஓரிகன் பாதையில், அதாவது 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாகக் கூண்டு வண்டிகளில் மேற்கே குடியேறப் போன பாதையில், போன ஒரு பயணியின் வேடம் அது. கடைசி அறையில் அட்டையைக் காட்டினால், போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்று இயந்திரம் சொல்லும். நான்காம் வகுப்புப் படிப்பவள், துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, நான் செத்துட்டேன்! சீதபேதி!" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

அடுத்த வாசல் கடை. கோப்பை, பனியன், சாவிக்கொத்து, கைக்குழந்தைச் சட்டை. எல்லாவற்றிலும் ஒரு கல்லறைக் கல், அதன்மேல் "நீ சீதபேதியில் இறந்துவிட்டாய்". அந்த வாசகம் 'தி ஓரிகன் டிரெயில்' என்ற கணினி விளையாட்டிலிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1971-ல் மினசோட்டாவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்று மாணவர்கள் வரலாற்றுப் பாடத்துக்காகச் செய்தது. பாடம் போய்விட்டது, பனியன் நிலைத்துவிட்டது. நானும் ஒரு கோப்பை வாங்கினேன்.

மறுநாள் வயோமிங்கில் க்ளென்ராக் ஊருக்கு மேற்கே, சாலையோரம் வேலி போட்ட ஒரு சின்னச் சமாதியைப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். எய்டா மகில். 1864 ஜூலை 3. கான்சாஸிலிருந்து ஓரிகனுக்குப் போன குடும்பத்தின் சிறுமி. இறந்தது சீதபேதியில்.

என் மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு அதைப் படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் இந்த மடல்.

எய்டாவுக்கு உடம்புக்கு வந்தது லாரமி கோட்டைப் பக்கம். அங்கிருந்து சமாதி இருக்கும் இடம் ஏறக்குறைய 100 மைல். கூண்டு வண்டி ஒரு நாளைக்கு 15 மைல் போனால் பெரிய விஷயம். ஆக, ஒரு வாரக் கணக்கு. அந்த வண்டிகளுக்கு ஸ்பிரிங் கிடையாது. உடம்புக்கு முடிந்தவர்கள் நடந்தார்கள், முடியாதவர்கள்தான் மாவு மூட்டைகளுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே படுத்தார்கள். வயிற்றுக்கடுப்பில் சுருண்டு கிடக்கும் பிள்ளையை ஒவ்வொரு கல்லும் தூக்கிப் போட்டிருக்கும். கழுவிவிடத் தண்ணீர்? பிளாட் ஆற்றுக் கலங்கல். முந்தின நாள் முகாம் போட்டவர்கள் மாட்டை இறக்கியதும், துணி அலசியதும் அதே தண்ணீரில்தான். "நிறுத்துங்கள், பிள்ளை தேறட்டும்" என்று தாய் கேட்டால், ஒரு நாள் நிற்பார்கள். ஒரு வாரம் நிற்க முடியாது. முன்னால் போன மாடுகள் புல்லை மேய்ந்துவிடும், மலையில் பனி விழுந்துவிடும். ஒரு ராத்திரி வயிற்றுப்போக்குப் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இறந்த பிறகும் நிம்மதி இல்லை. ஓநாய் தோண்டிவிடும் என்று பயந்து பல பேரைப் பாதையிலேயே புதைத்து, அடையாளம் தெரியாதபடி அதன்மேல் வண்டிகளை ஓட்டிப்போனார்கள். பெற்றவளும் அந்த வண்டிகளோடுதான் போயிருப்பாள். மேற்கே போன பாதைகளில் 20,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பெயரோடு மிஞ்சிய சமாதிகள் சொற்பம். 1912-ல் புதுச் சாலைக்காக அளக்க வந்த எல். சி. பிஷப், எய்டாவின் மேல் சாலையை ஓட்டவில்லை, சமாதியைச் சற்றுத் தள்ளி நகர்த்திவைத்தார். ஒரு சர்வேயருக்கு இருந்த நிதானம் அது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கோப்பை அலமாரிக்கு எதிர்ச் சுவர் வெறுமையாக இருக்கிறது. அதில், பெயர் தெரிந்த பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். எய்டாவில் தொடங்குங்கள். அடுத்து ஜோயல் ஹெம்ப்ரீ. ஆறு வயது. 1843 ஜூலை 18, ஓடும் வண்டியின் ஏர்க்காலில் உட்கார்ந்து வந்தவன் தவறி விழ, சக்கரங்கள் ஏறின. மறுநாள் பிற்பகல் போய்விட்டான். அவன் தலைமாட்டில் வைத்த கல் 1961-ல்தான் மறுபடி கண்ணில் பட்டது. அப்புறம் நெப்ராஸ்காவின் ஆஷ் ஹாலோவில் ரேச்சல் பாட்டிசன். வயது 18, கல்யாணமாகி இரண்டு மாசம். 1849 ஜூன் 19 காலையில் உடம்பு முடியாமல் போனது, இரவில் உயிர் போனது. காலரா. இவர்களுக்கெல்லாம் எந்த அட்டையும் தரவில்லையே நீங்கள்.

அட்டையில் வராத இன்னொன்றும் உண்டு. உங்கள் கூடத்தில் ஆளுயரத்துக்கு ஓர் ஓவியம்: வண்டிகளைச் சுற்றி வளைத்து அம்பு விடும் செவ்விந்தியர்கள். வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்: 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகள் கையால் இறந்த பயணிகள் 362 பேர், பயணிகள் கையால் இறந்த பூர்வகுடிகள் 426 பேர். வண்டிகள் போன பாதை நெடுகக் காலராவும் போனது. 1849-ல் பானி, ஷையன் என்ற பூர்வகுடி மக்களிடையே அது வாரிக்கொண்டு போன பிள்ளைகளுக்குக் கல்கூடக் கிடையாது. அம்பு ஓவியத்துக்குப் பளிச்சென்று விளக்குப் போட்டிருக்கிறீர்கள், நல்ல வெளிச்சம். மின்சாரச் செலவைப் பற்றிக் கவலைப்படாத நிறுவனம் என்று தெரிகிறது.

சரி, கோபம் வேறெங்கோ போகிறது. மன்னிக்கவும்.

கடையை மூடச் சொல்லவில்லை. அட்டை விளையாட்டும் இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. கைக்குழந்தைச் சட்டையை மட்டும் நீங்களே ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். மற்றபடி அந்த எதிர்ச் சுவரில் பெயர், வயது, இடம், நாள். அவ்வளவுதான். தயவுசெய்து எழுதுங்கள்.

பெயின்ட் செலவுக்கு என் பங்காக, நான் வாங்கிய கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு அதன் விலையை வைத்துக்கொள்ளலாம். பில் இருக்கிறது. கோப்பையில் இதுவரை யாரும் எதுவும் குடிக்கவில்லை.

இப்படிக்கு,
அட்டை வாங்கிய சிறுமியின் அம்மா