எல்ம் ஸ்ட்ரீட்டை இரண்டு வரியில் முடிக்கலாமா?

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த திகில் படக் கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். ஆனால் 1984ல் வெளியான 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' படத்தைக் கத்திக்குத்துப் படங்களோடு சேர்த்து இரண்டே வரியில் தள்ளிவிட்டதைப் பொறுக்க முடியவில்லை.

கனவில் வந்து கொல்லும் வில்லன் ஃப்ரெடி க்ரூகரின் விரல்களில் கத்தி இருப்பது உண்மைதான். சரி, அந்த வகுப்பறைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவன் எழுந்து ஷேக்ஸ்பியரை வாசிக்கிறான். கதாநாயகி நான்சிக்குக் கண் சொக்குகிறது. பார்த்தால், செத்துப்போன தோழி டினா பிளாஸ்டிக் பைக்குள் நின்று கூப்பிடுகிறாள். நம் படங்களில் கனவு என்றால் புகை வரும், படம் அலையும். இங்கே அப்படி எந்தத் தகவலும் கிடையாது. நான்சி எந்த நொடியில் தூங்கினாள் என்று இயக்குநர் வெஸ் க்ரேவன் சொல்வதே இல்லை. கனவில் பாய்லர் அறையில் ஃப்ரெடி நெருங்கும்போது, கொதிக்கும் குழாயில் தானே கையை வைத்து அலறி விழிக்கிறாள். பள்ளிக்கு வெளியே வந்து பார்த்தால் கையில் தீக்காயம்! அப்புறம் தூக்க ஆய்வு மையத்தில், விழித்தவள் போர்வைக்குள்ளிருந்து ஃப்ரெடியின் தொப்பியை எடுத்து நீட்டுகிறாள். தொப்பி வெளியே வருமென்றால் ஆளும் வருவான் என்று அவள் கணக்குப் போடும் இடத்தில்தான் எனக்கு இந்தப் படம் மிகவும் பிடித்துப்போனது.

'தூக்கத்தில் சாவதெல்லாம் சினிமாவில்தான்' என்று கட்டுரையாளர் கிண்டலடித்திருந்தார். க்ரேவன் இந்தக் கதையைப் பிடித்ததே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகைச் செய்திகளிலிருந்து என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். லாவோஸ் போருக்குப் பின் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்த மோங் மக்களில், நல்ல ஆரோக்கியமாக இருந்த இளம் ஆண்கள் பலர் இரவில் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. 1981ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வார அறிக்கையில் இந்த மரணங்களைப் பதிவு செய்தது. இதயத்தின் மின்னோட்டத்தைக் குழப்பும் ப்ருகாடா நோய் 1992ல்தான் மருத்துவ உலகுக்கு விளக்கமாகத் தெரிய வந்தது. இப்படிப்பட்ட மரணங்களில் பலவற்றுக்கு அதுதான் காரணம் என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். படம் வந்தபோது யாரிடமும் பதில் இல்லை. ஊர், போர், பஞ்சம் எல்லாம் கடந்து வந்தவர்கள் படுக்கையில் உயிரை விட்டார்கள் என்பதை நினைத்தால் ஃப்ரெடியே பரவாயில்லை.

படத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான்சியின் அம்மாவை ஃப்ரெடி கதவிலுள்ள சின்ன ஜன்னல் வழியே இழுக்கும் கடைசிக் காட்சி அபத்தம். பொம்மை என்று பளிச்சென்று தெரிகிறது. அடுத்த பாகத்துக்கு வழி வேண்டும் என்று தயாரிப்பாளர் ராபர்ட் ஷே பிடிவாதம் பிடித்ததால் வந்த வினை அது. அடுத்தடுத்த பாகங்களில் ஃப்ரெடி ஜோக் அடிக்கும் கோமாளியாகவே ஆகிவிட்டான். கட்டுரையாளர் அவற்றை வைத்து முதல் படத்தை எடை போட்டிருப்பாரோ என்று சந்தேகம்.

1994ல் க்ரேவன் திரும்பி வந்து 'நியூ நைட்மேர்' எடுத்தார். நான்சியாக நடித்த ஹெதர் லாங்கன்காம்ப் அதில் ஹெதர் லாங்கன்காம்ப்பாகவே வருகிறார். ஃப்ரெடி அவர் வீட்டுக்குள் நுழைகிறான். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அடுத்த இதழில் அதைப் பற்றியாவது அவரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர் ஒருவர்,
மதுரை