பாட்டு ஆறாவது வாரத்திலா?

அன்புள்ள தம்பி,

பள்ளியில் பாப், ராக் இசை சொல்லிக்கொடுக்க நீ போட்டு அனுப்பிய பாடத்திட்டத்தை இரண்டு முறை படித்தேன். முதல் வாரம் நொட்டேஷன் (இசையைத் தாளில் எழுதும் முறை), அடுத்து ஸ்கேல் (சுர வரிசை), அப்புறம் கார்ட் (பல சுரம் சேர்ந்து ஒலிப்பது). பாட்டு ஆறாவது வாரத்தில்தான் வருகிறது. அதற்குள் பின்வரிசை தூங்கிவிடும்.

நீ எப்படிக் கற்றாய்? கேசட்டை நிறுத்தி, திருப்பி, நாலு நொடி கிட்டாரை விரலுக்குப் பிடிபடும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாய். "அதை அணைத்துவிட்டு உருப்படியாகச் சாதகம் பண்ணு" என்று நான் கதவைத் தட்டுவேன். நிஜமான பாடம் கதவுக்கு அந்தப் பக்கம் நடந்திருக்கிறது. இத்தனை வருஷம் பாட்டு சொல்லிக்கொடுத்த எனக்கு அது உறைக்கவில்லை. (உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே, அவர் அன்றைக்கே சொன்னார்.)

இங்கிலாந்தில் லூசி கிரீன் என்ற ஆய்வாளர் 15 முதல் 50 வயதுவரை உள்ள 14 பாப், ராக் இசைக்கலைஞர்களிடம் பேசி, 2001-ல் எழுதியதும் ஏறக்குறைய உன் கதைதான். பிடித்த பாட்டைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள், காதால் பிடிக்கிறார்கள், கூட்டாளிகளோடு உட்கார்ந்து தப்பும் தவறுமாக வாசித்துத் தேறுகிறார்கள். பிறகு அவர் இதைப் பள்ளிகளிலும் செய்துபார்த்தார். அங்கே ஆசிரியர் முதலில் ஒதுங்கி நின்று கவனிப்பார். பிள்ளைகள் எதற்கு முயல்கிறார்கள் என்று புரிந்த பிறகே கைகொடுப்பார். இந்த ஒதுங்கி நிற்பது இருக்கிறதே, எனக்கு ஒருநாளும் வராத வித்தை. உனக்காவது வரட்டும்.

இளைஞர்கள் கேட்கும் பாட்டுக்கும் வகுப்பில் இடம் வேண்டும் என்று அமெரிக்க இசை ஆசிரியர்கள் 1967-லேயே டாங்கிள்வுட் என்ற இசை வளாகத்தில் கூடி அறிவித்தார்கள். இடம் கிடைத்தது, ஆனால் பழைய பாடமுறைக்குள்ளேயே.

நொட்டேஷனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒருவன் முட்டி நிற்கும்போது எழுதிக் காட்டு, அப்போது ஏறும்.

எனக்குக் கவலை மதிப்பெண்தான். நாலு பேர் சேர்ந்து வாசித்தால் பாடுகிற பெண் எல்லார் கண்ணிலும் படுவாள். இரண்டே சுரத்தில் தாளம் பிசகாமல் மொத்தப் பாட்டையும் தாங்கிய பேஸ் கிட்டார் பையனுக்கு என்ன போடுவாய்? இந்த இசையில் பாதி விஷயம் தாளில் ஏறாது. ஒலியின் குணம், தாளத்தில் ஒரு மயிரிழை பின்தங்கி விழும் அடி, ரெக்கார்டிங்கில் செய்த வேலை எல்லாம் காதுக்கு மட்டுமே தெரியும். அதனால் முதல் நாள் வாசிப்பையும் கடைசி நாள் வாசிப்பையும் பதிவுசெய்து, அவர்களையே கேட்கவிட்டு, எங்கே மாறியது, யார் மாற்றினார்கள் என்று விசாரி. பேஸ் பையனின் பெயர் தானாக வரும்.

முதல் நாள் பதிவை எனக்கும் அனுப்பு. அபஸ்வரமாக இருந்தால் இன்னும் நல்லது.

அம்மா