வரிசையில் நிற்காத மூதாதையர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த 'முதல் மனிதன் பிறந்த இடம்' கட்டுரையைப் படித்தேன். தெளிவான எழுத்து. உறுத்தியது தலைப்பும் அதற்கு மேலே போட்டிருந்த படமும்தான். இடது ஓரத்தில் கையூன்றி நடக்கும் குரங்கு, அப்புறம் கூன் விழுந்த ஒருவர், அவருக்கு முன்னால் நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தவர், கடைசியில் ஈட்டியோடு விறைப்பாக நாம். நானும் 30 ஆண்டுகள் இதே படத்தைக் கரும்பலகையில் வரைந்தவள்தான். கால்கள் கோணலாக வரும் என்பதைத் தவிர அதில் வேறு குறை இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

முதல் மனிதன் 1,95,000 ஆண்டுகளுக்கு முன் எத்தியோப்பியாவில் தோன்றினான் என்கிறது கட்டுரை. அந்நாட்டின் ஓமோ கிபிஷ் என்ற இடத்தில் 1967-இல் கிடைத்த எலும்புகளுக்கு 2005-இல் சொன்ன வயது அது. எலும்புகள் கிடந்த அடுக்குக்கு மேலே படிந்திருந்த எரிமலைச் சாம்பல் எந்த வெடிப்பிலிருந்து வந்தது என்று 2022-இல் கண்டுபிடித்தார்கள். வெடிப்பு நடந்தது சுமார் 2,33,000 ஆண்டுகளுக்கு முன். சாம்பல் மேலே, எலும்பு கீழே என்றால் எலும்பின் வயது குறைந்தது அவ்வளவு. அதை மனித குலத்தின் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

கட்டுரையில் மொராக்கோவின் ஜெபல் இருத் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. 1961-இல் பாரைட் என்ற கனிமத்துக்காகச் சுரங்கம் தோண்டியவர்கள் கையில் அங்கே ஒரு மண்டையோடு சிக்கியது. 40,000 ஆண்டு பழைய நியாண்டர்தால் போலிருக்கிறது என்று பல காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பின்னர் தொல்மானுடவியலாளர் ஷான்-ஷாக் ஹூப்ளின் குழு அங்கே மறுபடி தோண்டியபோது இன்னும் சிலரின் எலும்புகளும், தீயில் சுட்ட சிக்கிமுக்கிக் கல் கருவிகளும் கிடைத்தன. கணக்கைத் திருப்பிப் போட்டவை அந்தக் கற்கள்தான். நெருப்பில் நன்றாகச் சூடான கல்லில் அதுவரை சேர்ந்திருந்த ஆற்றலெல்லாம் வெளியேறி, கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதன் பிறகு சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சால் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லுக்குள் சேர்கிறது. ஆய்வகத்தில் அதைத் திரும்பச் சூடாக்கினால், சேர்ந்தது அத்தனையும் மங்கிய ஒளியாக வெளியே வரும். யாரோ மூட்டிய நெருப்பு அணைந்து எத்தனை காலம் ஆயிற்று என்பதை அந்த ஒளியின் அளவை வைத்துக் கணக்கிடலாம். 2017-இல் வந்த விடை: சுமார் 3,15,000 ஆண்டுகள்.

அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! நெற்றிக்குக் கீழே அடங்கிய சிறிய முகம், ஏறக்குறைய நம்முடையது. ஆனால் பக்கவாட்டில் திருப்பினால் தலை பந்து போல உருண்டிருக்காது. படுக்கவைத்த முட்டை போலப் பின்னால் நீண்டிருக்கும். முகம் முந்திக்கொண்டது, மண்டை பிந்திவிட்டது. இவரை 'முதல் மனிதர்' வரிசையில் சேர்ப்பதா, வேண்டாமா? அதற்காக மொராக்கோதான் தொட்டில் என்று இடத்தை மாற்றி எழுதினாலும் அதே தவறுதான். ஆப்பிரிக்காவின் பல மூலைகளில் சிதறி வாழ்ந்த கூட்டங்கள், சஹாரா பசுமையாக இருந்த காலங்களில் கலந்தும் வறண்ட காலங்களில் பிரிந்தும் வந்தன. அந்தப் போக்குவரத்தில் உருவானவர்கள் நாம் என்று சொல்வதே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்துகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் ஹோமோ நலேடி என்ற இனம், நம் மூளையில் மூன்றில் ஒரு பங்கு அளவை வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. அதற்கும் படத்தில் இடமில்லை.

'மைட்டோகாண்ட்ரிய ஏவாள்' பற்றி எழுதியிருப்பதிலும் ஒரு திருத்தம். மைட்டோகாண்ட்ரியம் என்பது செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு, அதற்கென்று தனி டிஎன்ஏ உண்டு. 1987-இல் 147 பேரின் அந்த டிஎன்ஏவை ஒப்பிட்டு, அனைவரின் தாய்வழியும் சுமார் 2,00,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணில் சேர்கிறது என்றார்கள். அன்று வாழ்ந்த ஒரே பெண் அவள் என்று இதற்குப் பொருளில்லை. மைட்டோகாண்ட்ரியம் தாயிடமிருந்துதான் வரும். ஒரு பாட்டிக்கு ஆண் பிள்ளைகள் மட்டும் என்றால் அவளுடைய அந்தக் கிளை அவர்களோடு முடிந்துவிடும். மற்ற மரபணுக்களோ பேரன் பேத்திகளிடம் தொடரும். ஏவாளின் காலத்தில் வாழ்ந்த எத்தனையோ பெண்கள் இப்படித்தான் நமக்குள் இன்னும் இருக்கிறார்கள். பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

சரி, நியாண்டர்தால். அவரை நமக்கு முந்தைய படியாக நிறுத்தியிருக்கிறீர்கள். அவர் பங்காளி. ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் தனியாக வாழ்ந்தவர். பங்காளியாக இருந்தவர் பிற்பாடு சம்பந்தியும் ஆனார் என்பதுதான் வேடிக்கை. 2010-இல் மரபியலாளர் ஸ்வாந்தே பேபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத்தொகையை வெளியிட்டபோது இது தெரியவந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் டிஎன்ஏவில் ஏறக்குறைய 2 சதவீதம் நியாண்டர்தால்கள் தந்தது. ருமேனியக் குகை ஒன்றில் கிடைத்த, சுமார் 40,000 ஆண்டு பழைய தாடைக்காரருக்கு எள்ளுத்தாத்தாவோ எள்ளுப்பாட்டியோ, அல்லது அதற்கு ஓரிரு தலைமுறை மேலே ஒருவரோ, நியாண்டர்தாலாக இருந்திருக்கிறார்.

அடுத்த இதழில் டெனிசோவர்கள் என்ற இன்னொரு அழிந்துபோன மனித இனத்தார் வருகிறார்கள் என்று அறிவித்திருக்கிறீர்கள். அவர்கள் பெயருக்குக் காரணமான சைபீரியக் குகையிலேயே கிடைத்த ஒரு சிறு எலும்புத் துண்டு, பதின்மூன்று வயதாவது நிரம்பிய ஒரு பெண்ணுடையது. தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவர் என்று 2018-இல் அதன் டிஎன்ஏ காட்டியது. உங்கள் ஓவியர் அவளை அந்த வரிசையில் யாருக்குப் பின்னால் நிறுத்தப்போகிறார் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்