நட்சத்திரக் குறி விழுந்த இடம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத நினைத்தேன், காது மருத்துவரைப் பார்க்க அலைந்ததில் நாள் ஓடிவிட்டது. வலது காதுக்கு மெல்லிய கீச்சொலி இனி எட்டாதாம். இருபத்தைந்து வருடம் ஹெட்போனுக்குள் இரைச்சலைச் சலித்துச் சலித்து எழுத்தைப் பொறுக்கிய காது. வருத்தமாகத்தான் இருக்கிறது. மற்றபடி நலம். மகள் இப்போது கப்பலில் மூன்றாம் அதிகாரி. வானொலி இயக்கச் சான்றிதழும் அவள் கையில் இருக்கிறது. கப்பலின் ரேடியோ அதிகாரியாக நான் ஒரு தனி அறையில் உட்கார்ந்து செய்த வேலையை இன்று பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தளத்தில், நிற்கும் அதிகாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள்.

படகு முடிந்துவிட்டது என்று படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். எத்தனை வருடப் பேச்சு! பாய், கயிறு, சுக்கான் எல்லாம் வரிசையாக எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "காற்று வரைபடம் போனிலேயே நிறம் நிறமாக வருகிறது. வானிலைக்கென்று ரேடியோ எதற்கு?" ரேடியோ வை என்பதுதான் என் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீ என்ஜின் அறையில் இருந்தவன். வானிலை என்பது உனக்குக் கப்பல் ஆடும் ஆட்டமாக மட்டுமே தெரிந்தது. அது எழுத்தாக மேலே எப்படி வந்து சேர்ந்தது என்று நாம் பேசிக்கொண்டதே இல்லை.

நாம் சேர்ந்து போன இரண்டாவது கப்பலில், நள்ளிரவு தாண்டி வேகத்தைக் குறைக்கச் சொல்லி உனக்கு மணி அடித்ததே, அந்த இரவை எடுத்துக்கொள். கரை நிலையம் மோர்ஸ் தந்திக் குறியீட்டில் வானிலை அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. "வடமேற்கு 7, வலுத்து 9" என்று எழுதினேன். எண்கள் பியூஃபோர்ட் என்ற அளவில் காற்றின் வலு. அடுத்த சொல்லின் மேல் மின்னல் இரைச்சல் விழுந்து அதை அப்படியே விழுங்கிவிட்டது. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. பிரிட்டிஷ் கடல் அறிக்கைகளில் காலம் காட்டும் சொற்களுக்குக் கணக்கு உண்டு. எச்சரிக்கையில் 'இதோ' என்று வந்தால் 6 மணி நேரத்துக்குள், 'விரைவில்' என்றால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள், 'பின்னர்' என்றால் 12 மணி நேரத்துக்கும் மேலே. வாக்கியத்தின் போக்கைப் பார்த்தால் 'பின்னர்' என்றுதான் எனக்குத் தோன்றியது. எழுதவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் யாராவது பிடித்திருக்கிறார்களா என்று மற்ற கப்பல்களைக் கேட்டேன். ஒரு கப்பல் பதில் சொன்னது. முகம் தெரியாத எவரோ ஒருவர் அந்த ஒற்றைச் சொல்லை இரண்டு முறை அடித்து அனுப்பினார். 'விரைவில்.' தாளைக் கேப்டனிடம் நீட்டினேன், கொஞ்ச நேரத்தில் உன் மணி அடித்தது.

கடலில் வானிலை கேட்பவனுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது. தனக்கு எது தெரியவில்லை, தன் செய்தி எந்த நேரத்தது என்று தானே சொல்லிவிடும் அறிக்கைதான் நம்பத் தகுந்தது. ரேடியோ அதைச் சொல்லும்படியே வளர்ந்திருக்கிறது.

அதன் கதை ஒரு கப்பல் உடைந்ததில் தொடங்குகிறது. 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் சிக்கி நொறுங்கியது. 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டார்வினை ஏற்றிச்சென்ற பீகிள் கப்பலின் கேப்டனாக இருந்த ஃபிட்ஸ்ராய் அப்போது பிரிட்டனின் வானிலைத் துறைக்குத் தலைவர். இந்தச் சாவுகள் அவரை விடவில்லை. தந்தி வழியாகக் கரையோர ஊர்களின் காற்றழுத்தத்தை வரவழைத்து, 1861-ல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். கொடிமரத்தில் கூம்பும் உருளையும் ஏறினால் புயல் வருகிறது என்று பொருள். ஆனால் தந்திக் கம்பி கரையோடு நின்றுவிட்டது. துறைமுகத்தில் நிற்பவன் கூம்பைப் பார்த்துப் புறப்படாமல் இருக்கலாம். நேற்றே புறப்பட்டுப் போனவனுக்கு அதை யார் காட்டுவது? கம்பியில்லாத் தந்தி வந்த பிறகுதான் அவன் காதுக்கும் செய்தி எட்டியது. ஃபிட்ஸ்ராய் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1865-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 2002-ல் பிரிட்டிஷ் கடல் அறிக்கையின் ஒரு பகுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் வாசிக்கப்படும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இனி உன் படகுக்கு வருகிறேன். முதலில் விஎச்எஃப் என்ற குறுந்தூரப் பேச்சு ரேடியோ வாங்குவாய். அது ஏறக்குறைய கண்ணுக்கு எட்டும் தூரம்வரைதான் போகும், கரை நிலையத்திலிருந்து 20, 30 கடல் மைல். 16-ஆம் சேனலில் 'சேக்யூரிதே' என்று மூன்று முறை ஒரு குரல் வரும், பாதுகாப்புச் செய்தி வருகிறது என்று பொருள். பிறகு எந்தச் சேனலுக்கு மாற வேண்டும் என்று சொல்வார்கள். அங்கே போனால் அறிக்கையை நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். வரிசை மாறாது: எச்சரிக்கை, அடுத்து எந்தத் தாழ்வழுத்தம் எங்கே போகிறது என்ற பொதுநிலை, அதன் பிறகு பகுதி பகுதியாகக் காற்றும் கடலும் பார்வைத் தூரமும். வரிசை தெரிந்தால் எழுதுவது எளிது. பகுதிப் பெயர்களை முன்கூட்டியே கட்டம் போட்டு வைத்துக்கொள். பென்சிலால் எழுது, நனைந்த தாளில் பேனா எழுதாது.

விஎச்எஃப் மட்டும் போதாது. கரை நிலையங்களின் எச்சரிக்கையை எழுத்தாகப் பிடித்துத் தரும் நாவ்டெக்ஸ் கருவி ஒன்று வை. இதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல வந்தேன். 518 கிலோஹெர்ட்ஸில் உலகம் முழுக்க ஒரே அலைவரிசை, ஆங்கிலத்தில் எழுத்தாக வரும். நிலையத்தைப் பொறுத்து 250 முதல் 400 கடல் மைல் வரை எட்டும். அந்தந்த நாட்டு மொழிக்கு 490 இருக்கிறது. எல்லா நிலையமும் ஒரே அலைவரிசையில் பேசினால் ஒன்றோடொன்று மோதாதா என்று கேட்பாய். ஒரு வட்டாரத்தின் நிலையங்களுக்கு ஆங்கில எழுத்துகளில் ஏ முதல் எக்ஸ் வரை 24 பெயர். ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம். ஆக 4 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்து அதே நிலையத்தின் முறை திரும்ப வரும். அவசர எச்சரிக்கைக்கு மட்டும் முறை கிடையாது, வந்த உடனே போகும். வேண்டாத வகைச் செய்திகளை நீ அடைத்துவைக்கலாம். வானிலை எச்சரிக்கை, கப்பல் போகும் வழி பற்றிய எச்சரிக்கை, மீட்புச் செய்தி ஆகியவற்றை அடைக்க முடியாது, கருவி விடாது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு எழுத்தையும் அது இரண்டு முறை அனுப்புகிறது. ஒரு முறை அனுப்பிவிட்டு, இடையில் வேறு எழுத்துகளை விட்டு, கால் நொடி கடந்து இன்னொரு முறை. மின்னல் இரைச்சல் ஒன்றைத் தின்றால் மற்றது பிழைக்கும். இரண்டும் கெட்டுப்போனால் கருவி ஊகிப்பதில்லை. அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியை வைத்துவிட்டு மேலே போகிறது. முதன்முதலில் அந்தக் குறியைத் தாளில் பார்த்தபோது அன்றிரவு நான் இழுத்த கோடுதான் கண்முன் வந்தது. 1999-ல் கப்பல்கள் மோர்ஸுக்காகக் காது வைத்துக் காத்திருந்த காவலை நிறுத்தியபோது என் தொழில் முடிந்தது என்று அழுதவன் நான். அந்த ஒழுக்கத்தை ஒரு கருவி தொடர்ந்து செய்கிறது என்று தெரிந்தபின் கொஞ்சம் ஆறுதல்.

ரேடியோவில் வரும் தொலைநகல் வானிலை வரைபடமும் அப்படித்தான். சிற்றலையில் நிமிடத்துக்கு 120 வரி, நொடிக்கு இரண்டு 'சர்க் சர்க்' என்று சத்தம். ஒரு வரைபடம் முழுதாக இறங்கச் சுமார் பத்து நிமிடம் ஆகும். இரைச்சல் வந்த இடமெல்லாம் தாளில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எந்தப் பகுதியை நம்பக்கூடாது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

போன் வரைபடத்தில் எனக்குள்ள பயம் இதுதான். அது காலையில் இறக்கியதாக இருந்தாலும் முந்தாநாள் இறக்கியதாக இருந்தாலும் ஒரே பளபளப்பு. எல் ஃபாரோ கப்பலை நீ மறந்திருக்க மாட்டாய். 2015 அக்டோபர் 1, ஹொவாக்கின் புயலுக்குள் போய் மூழ்கியது. 33 பேர், ஒருவரும் தப்பவில்லை. 4,500 மீட்டருக்கும் அதிக ஆழத்திலிருந்து அதன் குரல்பதிவை எடுத்து விசாரித்தார்கள். புயல் போகும் பாதையைக் கணித்ததிலேயே அந்த நாட்களில் பிழை இருந்தது. அதோடு, கேப்டன் நம்பியிருந்தது மின்னஞ்சலில் வந்த வண்ண வரைபடத்தை. அது வரும்போதே பல மணி நேரம் பழையதாகிவிட்டிருந்தது. அதைவிடப் புதிய செய்தி செயற்கைக்கோள் வழியே, வெறும் எழுத்தாக, பிரிட்ஜிலேயே அச்சாகிக்கொண்டிருந்தது. இரவில் இரண்டு அதிகாரிகள் அடுத்தடுத்து கேப்டனின் அறைக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லியும் பார்த்தார்கள். மகள் வேலையில் சேர்ந்தபோது இதை அவளோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். என்னால் ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை.

அறிக்கை கையில் இருந்தால் மட்டும் போதாது, சொல்லின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். 1998 டிசம்பரில் சிட்னியிலிருந்து ஹோபார்ட்டுக்கு நடந்த பாய்ப்படகுப் பந்தயத்தில் 115 படகுகள் புறப்பட்டு 44 மட்டுமே போய்ச் சேர்ந்தன. 6 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஆனால் அதில் சொல்லும் காற்றின் வேகம் சராசரிதான் என்பது எல்லாப் படகிலும் உறைக்கவில்லை என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. 50 நாட் (மணிக்கு 50 கடல் மைல்) என்று கேட்டவர்கள் அதுதான் உச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று ஆஸ்திரேலியக் கடல் அறிக்கைகளில் ஒரு குறிப்பு சேர்ந்தே வருகிறது: இடையிடையே வலுத்து வீசும் காற்றின் வேகம் சராசரியைவிட 40 சதவீதம் கூடலாம், பெரிய அலை சொன்ன உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம். ஆகவே நீ 30 நாட் என்று கேட்டால் 42-க்குப் பாயைச் சுருக்கு. 2 மீட்டர் என்றால் 4 மீட்டர் அலை ஒன்று எங்கோ வந்துகொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்.

காற்றுத் திசையிலும் கவனம் வேண்டும். அறிக்கையில் வடமேற்கு என்றால் வடமேற்கிலிருந்து வருவது. வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது என்று நம் மொழி எப்போதோ சொல்லிவைத்துவிட்டதால் உனக்கு இது குழம்பாது. நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வரும். அதற்கென்று தனியாக ஒரு கடிகாரம் மாட்டிவிடு. என் பழைய அறைக் கடிகாரம் நினைவிருக்கிறதா, மூன்று மூன்று நிமிடமாகச் சிவப்பு அடித்தது? ஒவ்வொரு மணியிலும் 15-லிருந்து 18 வரை, 45-லிருந்து 48 வரை யாரும் மூச்சு விடாமல், ஆபத்தில் இருப்பவன் குரலுக்காகக் காத்திருந்த நேரம் அது. அது இன்னும் என் மேசைமேல் ஓடுகிறது. வேண்டுமென்றால் உனக்கே தருகிறேன்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் முடித்தால் பாதிதான் சொன்னதாகும். அந்த அறிக்கைக்குக் கச்சாப் பொருள் கப்பல்களிலிருந்தும் போகிறது. உலகப் பொது நேரம் 0, 6, 12, 18 மணிக்கு அழுத்தமானியையும் காற்றையும் அலையையும் பார்த்து எண்களாக அனுப்புவோம். கடலில் வானிலை நிலையம் கட்ட முடியாது. மிதவைகளும் செயற்கைக்கோளும் வந்த பிறகும் கப்பலில் நிற்பவன் கண்ணை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக உடன்படிக்கையான சோலாஸிலேயே ஒரு விதி இருக்கிறது: புயல் எச்சரிக்கை எதுவும் வராத இடத்தில் பியூஃபோர்ட் 10 அல்லது அதற்கு மேல் காற்றைச் சந்தித்தால், கேப்டன் அதைப் பக்கத்துக் கப்பல்களுக்கும் கரைக்கும் சொல்லியாக வேண்டும். எவனோ ஒருவன் அடி வாங்கிக்கொண்டே சொன்னதைத்தான் நாம் மறுநாள் அறிக்கையில் கேட்டோம். உன் படகு சிறியதுதான். இருந்தாலும் அறிக்கையில் இல்லாத காற்றைக் கண்டால் விஎச்எஃப்பில் கரைக்குச் சொல். நேரம், இடம், அழுத்தம், காற்று, நான்கு விஷயம் போதும்.

பொருத்தும்போது நாவ்டெக்ஸ் ஆன்டெனாவை மின்மாற்றிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் தள்ளி வை, அந்த இரைச்சல் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புறப்பட 4 மணி நேரம் முன்னாலேயே போட்டுவிடு, ஒரு முழுச் சுற்று உள்ளே வந்திருக்கும். தாளில் அச்சாகும் பழைய வகைக் கருவி கிடைத்தால் அதையே எடு. முதல் நாள் இறங்கும் சுருளைக் கிழித்து எனக்கு அனுப்பு. நட்சத்திரக் குறி எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் ஆன்டெனா சரியான இடத்தில் இருக்கிறதா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். அதற்குக் காது வேண்டாம்.

உன் அன்பு நண்பன்