சேறில்லாத பள்ளம்

உதகமண்டலம்

அன்புள்ள ராகவா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாத குற்றவாளி நான். முழங்கால் வலியைக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதால் சொல்லவில்லை. வீட்டில் அனைவரும் நலம்.

சென்ற ஞாயிறன்று, தோடர் குடியிருப்பான மந்துக்குக் கீழுள்ள பள்ளத்துக்குப் போனேன். உன் இடது காலணியை விழுங்கிய அதே சதுப்பில் இம்முறை என் பாதம் நனையக்கூட இல்லை. எருமைகள் மேய்ந்து மிதித்தவரை அங்கே புல் குட்டையாக நின்றது. இடைவெளிகளில் வெளிச்சம் விழுந்து, சிறு கோரைகளும் நீ பூதக்கண்ணாடியோடு குப்புறப் படுத்துப் பார்த்த, பூச்சி தின்னும் செடியான டிரொசிராவும் தழைத்தன. மந்தை குறைந்து மேய்ச்சல் நின்றபின், பழைய புல் காய்ந்து மெத்தைபோல் படிந்துவிட்டது. அதற்கடியில் எதுவும் முளைப்பதில்லை. நெட்டைக்காலி ஒன்றையும் காணோம். திறந்த புல்வெளி கேட்கும் பறவை இந்தப் புதரில் என்ன செய்யும்?

ஓரத்திலிருந்து சீகை என்னும் வாட்டில் மரமும், கார்ஸ் என்னும் மஞ்சள்பூ முட்செடியும் நடுப்பள்ளம்வரை இறங்கிவிட்டன. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நட்டு வளர்த்த சீகை, அழைப்பில்லாமலே பரவுகிறது. இரண்டும் வேரில் நைட்ரஜன் சேர்ப்பவை. சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய சதுப்புச் செடிகளுக்கு அந்த உரமே பகை. வெட்டினால் தீர்ந்தது என்பாய். மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் விதைகள், வெட்டவெளி கிடைத்ததும் எழுந்துவிடும்.

எருமைகளை விரட்டிவிட்டால் மலை தானே தேறிவிடும் என்று நாம் மேசையைத் தட்டிப் பேசினோமே! தேநீரைச் சிந்தியது நீ என்றாலும், கருத்து என்னுடையதும்தான். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவின் கரிச்சேறு, அதாவது முழுதும் மக்காத செடிகொடிகள் படிந்த சேறு, 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தாவர வரலாற்றை அடுக்கடுக்காய்க் காத்துவைத்திருக்கிறது. ஈரம் இருக்கும்வரைதான் அப்படிச் சேறு அழுகாமல் கிடக்கும். நம் பள்ளத்தின் சேற்றையோ சீகையின் வேர் உறிஞ்சிக் குடிக்கிறது.

மந்துப் பெரியவர் உன்னை விசாரித்தார். கோயில் கூரை வேயச் சதுப்பில் மட்டுமே விளையும் புல்லைத் தேடி, இப்போது இரண்டு பள்ளம் தாண்டிப் போகிறார்களாம். உன் பழைய பெட்டியில் அந்தப் பள்ளத்தின் படங்கள் இருக்குமே, தேடி அனுப்பு. தண்ணீர் எதுவரை நின்றது என்பதில் எனக்கும் அவருக்கும் வழக்கு நடக்கிறது.

அன்புடன்,
சுந்தரம்