தண்ணிக் குளிசையும் நாட்பட்ட இளைப்பும்: கொழும்பு வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை முதல் மட்டக்குளி வரை கிளினிக் நடத்தும் வைத்தியர்களுக்கு,

நாட்பட்ட நுரையீரல் நோயாளியின் கிளினிக் கொப்பியைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ‘ரிப்பீட்’. கால் வீங்கிய மாதத்தில் எழுதிய ஃபுரோஸமைட் (உடம்பின் மிகை நீரைச் சிறுநீராக வெளியேற்றும் தண்ணிக் குளிசை), வீக்கம் வடிந்த பிறகும் அதே அளவில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாசல்வரை ஆட்கள் காத்திருக்கும்போது ஒவ்வொரு குளிசையையும் மறுபடி யோசிக்க முடியாதுதான். இந்த ஒன்றை மட்டும் யோசியுங்கள்.

இவர்களுக்குக் காபனீரொட்சைட்டு உடம்பில் தேங்குகிறது. அதனால் கூடும் அமிலத்தைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகாபனேட் என்ற காரப்பொருளைச் சேர்த்து வைக்கிறது. அதுவரை சரி. தண்ணிக் குளிசையோ குளோரைட்டையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளுகிறது. குளோரைட் குறைந்தால் மிஞ்சிய பைகாபனேட்டைச் சிறுநீரகத்தால் கழிக்க முடியாது. இரத்தம் காரப்பக்கம் சாய, மூச்சைத் தூண்டும் மூளை மையம் மந்தமாகிறது. காபனீரொட்சைட்டு இன்னும் ஏறுகிறது.

ரிப்போர்ட்டில் இது இலேசில் பிடிபடாது. உதாரணத்துக்கு, நாடி இரத்தத்தில் காபனீரொட்சைட்டு 68 மி.மீ. இரசம், பைகாபனேட் லீற்றருக்கு 45 மில்லிமோல், பிஎச் (அமில-கார அளவு) 7.44 என்று வைப்போம். ‘பிஎச் நோர்மல்’ என்று கொப்பியை மூடிவிடுவோம். ஆனால் நாட்பட்ட நிலையில் காபனீரொட்சைட்டு 10 மி.மீ. கூடினால் பைகாபனேட் சுமார் 4 மில்லிமோல்தான் கூடும். நோர்மலான 40, 24 இலிருந்து கணக்குப் பார்த்தால், பைகாபனேட் 35 வாக்கில் நிற்க வேண்டும். மேலதிகமான அந்தப் பத்து, பெரும்பாலும் நாம் எழுதிக் கொடுத்தது.

இடையில் இளைப்புக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் நெபுலைஸ் பண்ணினால் பொட்டாசியம் இன்னும் இறங்கும், மூச்சுத் தசைகளும் சோரும். ‘அப்பா காலையில் தலையிடி என்கிறார், பகலெல்லாம் தூங்கி வழிகிறார்’ என்று மகள் சொன்னால் வயசு என்று தள்ளிவிடாதீர்கள்; காபனீரொட்சைட்டு ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம்.

சோடியம், பொட்டாசியத்தோடு நிறுத்தாமல் குளோரைட், பைகாபனேட்டையும் கேட்டு எழுதுங்கள். வீக்கம் வடிந்தால் அளவைக் குறையுங்கள். பொட்டாசியம் குறைந்தால், சிறுநீரகத்தையும் மற்ற மருந்துகளையும் பார்த்து, பொட்டாசியம் குளோரைட்டாகவே கொடுங்கள். பைகாபனேட்டைச் சிறுநீரில் கழிக்கவைக்கும் அசெற்றசோலமைட் சிலருக்கு உதவும். நுரையீரல் மிக மோசமானவர்களுக்கு அமிலத்தைக் கூட்டிவிடும். ஆகவே அதை வார்டுக்கு விடுவது நல்லது.

நோயாளிகளே, வீட்டாரே, குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இதயம் பலவீனமானவருக்கு அது இல்லாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அடுத்த கிளினிக்கில், இரத்த உப்புகளைக் கடைசியாக எப்போது பார்த்தது என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
கொழும்பில் ஒரு வார்டு வைத்தியர்