கால்களைப் பிடித்துத் தூக்காதீர்கள்: யோகா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

சிரசாசன வகுப்பில் மாணவரின் கால்களைப் பிடித்து மேலே தூக்கிவிடும் பழக்கத்தை நிறுத்துங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். என்னையும் ஒருமுறை அப்படித் தூக்கி நிறுத்தினார்கள். கால் மேலே போனது, எல்லோரும் கைதட்டினார்கள், ஆனால் முன்கையில் பலமே இல்லாததால் எடையெல்லாம் கழுத்தில் இறங்கி, அப்புறம் மூன்று வாரம் தலையைத் திருப்ப முடியாமல் தவித்தேன்.

கழுத்தின் 7 எலும்புகள் அன்றாடம் சுமப்பது சுமார் 5 கிலோ தலையை. தலைகீழாக நிற்கும்போது உடம்பின் எடையில் பெரும்பங்கை முன்கையும் தோளும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவரால் தானாகக் காலைத் தூக்க முடியவில்லை என்றால் அந்தப் பலம் இன்னும் வரவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

முதலில் தலையைத் தரையில் வைக்காமலேயே பழக்குங்கள். முழங்கைகள் தோள் அகலத்தில், விரல்கள் கோத்து, இடுப்பு உயர்ந்து, தோள்கள் காதிலிருந்து விலகி இருக்கட்டும். அப்படியே ஒரு நிமிடம் நிதானமாக மூச்சுவிட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையா, உச்சந்தலை தரையைத் தொடவே வேண்டாம், மாதக்கணக்கானாலும் சரி. அடுத்து, பாதங்கள் தரையிலேயே இருக்க, உச்சந்தலையை ஊன்றி இடுப்பை உயர்த்தும் அர்த்த சிரசாசனம், பிறகு முழங்காலை மடக்கி மார்பருகே கொண்டுவருவது. எகிறி ஏற அனுமதிக்கவே கூடாது. சுவர் இருக்கிறதே என்று உதைத்து ஏறச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் சுவர் பின்னால் விழாமல்தான் காப்பாற்றும், கழுத்தில் சட்டென்று இறங்கும் எடையை அது தாங்காது.

கண்ணைப் பற்றியும் கேளுங்கள். சிரசாசனத்தில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது, அதனால் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது கூடாது. உயர் ரத்த அழுத்தம், கழுத்துத் தட்டு (டிஸ்க்) பிரச்சினை, எலும்புத் தேய்மானம், இதையெல்லாம் பலர் நடுவில் யாரும் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இறங்கவும் சொல்லிக்கொடுங்கள். கை நடுங்கும்வரை நிற்கவைத்தால் கட்டுப்பாடாக இறங்கத் தெம்பு இருக்காது. இறங்கியதும், முழங்காலிட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும் பாலாசனத்தில் சற்று நேரம் தலை தாழ்ந்தே இருக்கட்டும்.

"கொஞ்சம் தூக்கிவிடுங்களேன்" என்று மாணவரே கேட்பார். அப்போதும் கை கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய முழங்கைகளைச் சரிபார்த்துக் கொடுங்கள்.